உயிரோடிருக்கிற பிள்ளைக்கு மாலை

என் மகனுக்கு அஞ்சலி செலுத்த நானூறு பேர் வரிசையில் நின்றார்கள். மகன் எனக்குப் பக்கத்தில் நின்று றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

விசரி உளறுகிறாள் என்று நினைக்க வேண்டாம். முதலிலிருந்தே சொல்கிறேன். முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனுசன் தியாகலிங்கம் ரொறன்ரோவில் கலியாண வீடு, சாமத்திய வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். பார்க்டேலில் எங்கள் அப்பாட்மென்ரில் ஓர் அறை முழுக்க ஊரார் வீட்டுப் பொம்பிளை மாப்பிள்ளைதான் கசற்றுகளாக அடுக்கிக் கிடக்கிறார்கள். கலியாண வீடியோக்காரர் எல்லாருக்கும் மனதுக்குள் ஒரு சினிமா ஓடும். இவருக்கு ஓடியது சண்டை வேண்டாம் என்று சொல்லும் சினிமா. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் தம்பி இரத்தினவேல் யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து செத்தவன். சண்டையைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

தொண்ணூற்றைந்தில் இவர் முதல் படம் எடுத்தார். ஒரு கால் இல்லாத மனிதர் பேஸ்மென்ரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். அவ்வளவுதான் கதை. வெங்காயம் வெட்டுகிறார், அரிசி கழுவுகிறார், சாப்பிடுகிறார், கோப்பையைக் கழுவி வைக்கிறார். பாட்டில்லை, துவக்குச் சூடில்லை. பார்க்க வந்த சனம் அரைவாசியில் தேத்தண்ணி மேசைப் பக்கம் நழுவியது. கடைசியில் மிஞ்சியது நாங்கள் மூன்று பேரும், மண்டபத் திறப்பு வைத்திருந்த அருள்நாயகம் அண்ணையும். அவர் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக நின்றவர்.

"தியாகு, குறை நினையாதை," என்றார் அண்ணை. "உது எங்கட வீடுகளிலையே இருக்கு. அதைப் பாக்க ஆர் ஸ்னோவுக்குள்ளை வெளிக்கிட்டு வரப்போகினம்? வடிவான பெடியன் ஒருத்தனைப் போடு. பாட்டொண்டு போடு. தாயை அழ வை. சனம் வரும்."

என் மனுசன் ரோசக்காரர். அடுத்த படத்தில் அண்ணை சொன்ன மூன்றையும் செய்தார்.

வடிவான பெடியன் வீட்டிலேயே இருந்தான். எங்கள் ஒரே மகன் வாகீசன், இருபத்தொரு வயது. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் லொறிக்குப் பெட்டி ஏற்றுகிறான். இருட்டோடு பஸ் பிடித்துப் போய் இருட்டோடு வருவான். வந்தால் சோற்றுக்கோப்பையும் ரீவியும்தான். பழைய ஆமிச் சாமான் விற்கிற கடையில் வாங்கிய சீருடையைப் போட்டு, தகப்பன் அவனைக் கோடையில் ஒரு பூங்காவுக்குள் நடக்கவிட்டு, மெதுவாக ஓடவிட்டு, அதற்கு மேல் பாட்டையும் போட்டார்.

"இதென்ன, சண்டைக்குப் போற பெடியனை மாப்பிள்ளை மாதிரிக் காட்டுறீங்கள்?" என்று கேட்டேன்.

"உமக்கு விளங்காது, சந்திரா. சனத்துக்கு அவனைப் பிடிக்கோணும். பிடிச்சால்தான் அவன் சாகேக்கை சண்டையிலை வெறுப்பு வரும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

தாய்க்கு நடித்தது நான்தான். மகன் செத்த செய்தி வீட்டு வாசலுக்கு வருகிற காட்சி. முதல் தடவை எடுத்தபோது நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். திரும்பி வந்து அதே கதவைப் பிடித்தேன். தம்பியின் செய்தி வந்த அன்று நான் செய்தது அதுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கறி அடிப்பிடிக்கிறதே என்ற எண்ணம் மட்டும் வந்தது.

"இப்பிடி மரம் மாதிரி நிண்டீரெண்டால் சனம் அழாது. நீர் விழுந்து குழறி அழும்," என்றார் மனுசன்.

"எனக்கு அண்டைக்கு உப்பிடித்தான் வந்தது."

"அது உண்மை. இது படமப்பா."

அதை வெட்டி எறிந்தார். நான் விழுந்தேன், உருண்டேன், மண்ணை அள்ளித் தலையில் போட்டேன். கசற்றைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது, நாசமாய்ப் போக.

எங்களுக்குள் சண்டை வந்தது போட்டோவில்தான். கடைசிக் காட்சிக்கு வாகீசனின் போட்டோவைப் பெரிதாக்கி, மாலை போட்டு, விளக்கேற்ற வேண்டும் என்றார். உயிரோடிருக்கிற பிள்ளைக்கு மாலையா என்று நான் வீட்டை இரண்டாக்கினேன். பிளாஸ்ரிக் மாலைக்குத் தோஷமில்லை என்று அருள்நாயகம் அண்ணை ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்துச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை படம் காட்டினோம். மண்டபம் நிறைந்து, சப்பாத்துப் பனி உருகி நிலமெல்லாம் தண்ணீர். பாட்டுக் காட்சியில் வாகீசன் துவக்கோடு நடந்து வந்தான். பின்வரிசைப் பெடியள் விசிலடித்தார்கள். பின்னால் பச்சைப் பசேலென்று மேப்பிள் மரம் நின்றது. யாழ்ப்பாணத்தில் ஏது மேப்பிள் என்று ஒரு குருவிகூடக் கேட்கவில்லை. நான் உருண்டு அழுதபோது மண்டபமே மூக்கைச் சிந்தியது.

பிறகு திரையில் அந்த மாலை போட்ட போட்டோ வந்தது.

எங்கள் சனத்தை உங்களுக்குத் தெரியும். எந்த விழா என்றாலும் செத்தவர்களுக்கு எழும்பி நின்றுதான் தொடங்குவோம். மாலை போட்ட போட்டோவைக் கண்டால் கால் தானாக எழும்பும். முன்வரிசை எழும்பியது. அடுத்த வரிசை எழும்பியது. கதிரைகள் கரகரவென்று சத்தம் போட, முழு மண்டபமும் எழும்பித் தலை குனிந்து நின்றது. என் மகனுக்கு.

"பாத்தீரே? வேலை செய்யுது," என்று என் காதுக்குள் சொன்னார் மனுசன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

வெளியே வந்தால் அதைவிட மோசம். விளம்பரமாக இருக்கட்டும் என்று இவர் அந்தப் போட்டோவை வாசலில் ஒரு மேசையில் வைத்திருந்தார். யாரோ அதற்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டார்கள். மேடை அலங்காரத்துப் பூவைப் பிடுங்கி ஒருவர் வைத்தார். பிறகென்ன, வரிசை பிடித்துவிட்டது. வந்தார்கள், பூ வைத்தார்கள், கும்பிட்டார்கள், பிறகு பக்கத்தில் நின்ற வாகீசனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

றோசலின் ரீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர், படித்த மனிசி. "குடுத்து வைச்சனீங்கள் சந்திரவதனா, இப்பிடி ஒரு பிள்ளையைப் பெற," என்றார்.

"ரீச்சர், அவன் உயிரோடை நிக்கிறான்! அங்கை பாருங்கோ, றோல்ஸ் சாப்பிடுறான்!" என்று கத்தினேன்.

"ஓம் ஓம், தெரியும். எண்டாலும்..." என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

எண்டாலும்! அந்த நானூறு பேரில் ஒருவர்கூடச் சண்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் படம் வென்றுவிட்டது, ஆனால் சொன்னது வேறெதையோ. திரும்பி மகனைப் பார்த்தேன். அவன் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். தன் போட்டோவைக் கும்பிடுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவன் முகத்தில் கண்டதேயில்லை.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. சுகமில்லையோ என்று பார்க்கத் தேத்தண்ணியோடு அவன் அறைக் கதவைத் திறந்தேன். கட்டிலுக்கு மேலே சுவரில் அந்தப் போட்டோ, மாலையோடு தொங்கியது. அதற்குக் கீழே வாகீசன் சீருடையைப் போட்டுக்கொண்டு இருந்தான்.

"என்னடா கோலமிது? கழட்டு!"

"அம்மா, நான் போகப்போறன்."

"எங்கை?"

"அங்கை. ஊருக்கு. உண்மையாவே."

தேத்தண்ணியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

"மூண்டு வருசமாப் பெட்டி ஏத்துறன். சூப்பவைசருக்கு இன்னும் என்ர பேர் தெரியாது, 'ஹேய்' எண்டுதான் கூப்பிடுறான்," என்றான் மெதுவாக. கோபமில்லாமல், விளக்கம் சொல்வதுபோலச் சொன்னான். "நேற்று எத்தினை சனம் எழும்பி நிண்டது, பாத்தனீங்கள்தானே? நீங்கள் அழுதது... அம்மா, எனக்காக ஒருத்தரும் அப்பிடி அழுததில்லை. அதைப் பாக்கேக்கை, செத்தாலும் பரவாயில்லை எண்டு கிடந்தது."

மனுசன் முன்னறையில் ரெலிபோனில் இருந்தார். ரெக்ஸ்டேலிலும் படத்தைக் காட்டக் கேட்டிருந்தார்கள். மகன் சொன்னது கேட்டு, ரிசீவரைக் கையில் பிடித்தபடியே எழும்பினார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். குசினிக்குப் போனேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைத்தேன். திரும்பி வந்து அதே கதவைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

வாகீசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் விழுவேன், உருளுவேன் என்று காத்திருந்தான் போல. "என்னம்மா, ஒண்டும் பேசாமல் நிக்கிறீங்கள்?" என்றான். ஏமாந்த பிள்ளையின் குரல்.

தகப்பன் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார், கதவில் இருந்த என் கையைப் பார்த்தார். ரிசீவர் கீழே விழுந்து, ரெக்ஸ்டேல் மனிதர் "ஹலோ, ஹலோ" என்று நிலத்தில் கிடந்து கூப்பிட்டார்.

"தம்பி," என்றார் மனுசன். மகனின் பக்கம் திரும்பினார். "கொம்மாவை வடிவாப் பாரடா. இதைத்தான் நான் படத்திலை வெட்டினனான்."