முப்பத்தேழாம் பை மண்

ஆய்வகத்தின் முடிவு வந்து ஐம்பத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு முந்தைய இருபத்து நான்கு வருடங்களிலும் பெரிதாகத் திறந்ததில்லை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கனிமம் தேடும் குழுவுக்காகச் சேர்வராயன் மலையில் சதுர கிலோமீட்டருக்கு ஒரு பை மண் எடுத்து, எண் போட்டு, எடுத்த இடத்தைக் கைபேசிப் படிவத்தில் பதிவது என் வேலை. முப்பத்தேழாம் பையில் மட்டும் செம்பு மற்றவற்றைப் போல ஒன்பது மடங்கு. படிவத்தின்படி அது தலைச்சோலையில் ராசம்மாளின் கேழ்வரகுக் காட்டு மண். படிவத்தை நிரப்பியவள் நான். அந்தக் காட்டில் நான் கால் வைக்கவே இல்லை. வேறிடத்தில் அள்ளிவிட்டு, போக வேண்டிய இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தட்டினேன். ஆறு தசமம்வரை துல்லியமான பொய். ‘அருகில் மாசு உண்டா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று வேறு போட்டிருந்தேன். புவி வேதியியலில் நான் முதல் வகுப்பு.

குழுத் தலைவர் சந்திரசேகர் சார் அந்தக் காட்டில் ஆறு குழிகளுக்கு இடம் குறித்துவிட்டார். ஏசுராஜ் அண்ணன் கடப்பாரையோடு வந்துவிட்டார். கேழ்வரகு முற்றி நின்றது.

“ஏனுங்க, அறுக்கற நேரத்துல குழி வெட்டறேங்கறீங்களே,” என்றார் ராசம்மாள். “வருசம் பூரா களிக்கு இதுதானுங்க.”

“ஆறே குழிம்மா. உங்க காட்டுல செம்பு இருக்குது.”

“எங்கூட்டுல தண்ணி மோக்க ரெண்டு கெடக்குதுங்க. அது போதும்.”

ஏசுராஜ் அண்ணன் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. முதல் குழிக்குக் கயிறு பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். சாருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருந்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா’ வரை நன்றாக வந்திருந்தது.

“மொதல்ல மண்ணு எடுத்தது யாருங்க?” என்றார் ராசம்மாள்.

“இந்த மேடம்தான்,” என்றார் ஏசுராஜ் அண்ணன். “மண்ணுகிட்ட மட்டுந்தான் பேசுவாங்க.”

“நீயா கண்ணு? எப்ப வந்தே? நான் பகலெல்லாம் இங்கதானே கெடக்கறேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா காப்பி வெச்சிருப்பனே. நொம்ப தூரம் நடந்திருப்பே.”

கடப்பாரை மேலே போனது.

“அண்ணா, வேண்டாங்க!”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. சார் திரும்பினார். கயிற்றைக் கீழே போட்டேன்.

“முப்பத்தேழு இந்தக் காட்டு மண்ணு இல்லைங்க சார். இவங்ககிட்டக் கேட்டுட்டு உள்ள வரக் கூச்சமா இருந்துச்சு. ரோட்டோரமா, எஸ்டேட்ல காப்பிச் செடிக்குத் தெளிக்க மயில்துத்தம் கலக்கற தொட்டிகிட்ட அள்ளினேன். அந்தச் செம்பு துத்தத்தோடது.”