ஏழு உறுப்பினர் அகலம்

1

காலை பத்து மணி பதினேழு நிமிடம். நகர மன்றத் தலைவர் வெலிச்கோ, புதிய விமானக் கொட்டகையின் கதவு எத்தனை மீட்டர் என்று கேட்டார். கதை அங்கே பிறந்தது. நான் மன்றத்தின் குறிப்பெழுத்தர். கூட்டக் குறிப்பில் முடிவுகளுக்கு மட்டுமே இடம். மீந்தது இது.

2

முதல் தொடக்கம்: "எங்கள் நகரின் சிறிய விமானத் தளம் ஒரு புதிய..." (விளம்பரம். விட்டேன்.)

இரண்டாவது: "விமானி தஃபிங்கா வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம், துணி இறக்கைகளோடு, இன்னொரு பனிக்காலத்தை வெட்டவெளியில்..." (அழவைக்கப் பார்க்கிறேன். ஆனால் செய்தி உண்மை. துணி தாங்காது. இன்று அளவு முடிவாகாவிட்டால் கொட்டகை அடுத்த ஆண்டுதான்.)

3

எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் முன்பு வழிப்போக்கரின் நிழலை நூலால் அளந்து, நூலை அஸ்திவாரத்தில் புதைப்பார்கள். கட்டடம் நிற்கும். நிழலுக்குரியவர் நாற்பது நாளில் இறந்துபோவார். இப்போது யாரும் நம்புவதில்லை. அளவு நாடாவைக் கண்டால் ஒதுங்கிக்கொள்வதோடு சரி.

"விமானத்தை அளந்துட்டா முடிஞ்சுது," என்றார் பொறியாளர் மெத்தோடி.

"போன விமானத்தையும் நீங்கதான் அளந்தீங்க," என்றாள் தஃபிங்கா. "முப்பத்தெட்டாம் நாள் சூரியகாந்தி வயல்ல விழுந்து கிடந்துச்சு."

"அது எஞ்சின் கோளாறு."

"எஞ்சினுக்கு நிழல் கிடையாதா?"

தலைவர் குறுக்கிட்டார். "விமானம் செஞ்சவங்க குடுத்த புத்தகத்துல அளவு இருக்குமேம்மா."

"இந்த றெக்கை நான் தைச்சது, தலைவரே. புத்தகத்துக்குத் தெரியாது."

4

(மெத்தோடியைக் கோழையாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். விமானம் விழுந்த அன்று வயலுக்கு முதலில் ஓடியவர் அவர்தான். அதற்குப் பின் அவர் நாடாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை.)

5

தலைவருக்கு யோசனை வந்தது. மனிதர்கள் நாடா இல்லையே. ஏழு உறுப்பினர்களும் தளத்துக்குப் போனார்கள். இறக்கையின் கீழே கைகளை விரித்து, விரலோடு விரல் தொட்டு நின்றார்கள். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை சரியாக ஏழு பேர்.

"கொஞ்சம் தள்ளி நில்லுய்யா, ஊறுகாய் நாத்தம்."

"உங்க வீட்டுல பனிக்காலத்துக்கு முட்டைக்கோசு ஊறுகாய் இன்னும் போடலையா? அதான் பொறாமை."

திரும்பி வந்து ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். கதவின் அகலம்: ஏழு உறுப்பினர். அப்படியே எழுதினேன்.

மெத்தோடி ஒப்பந்தப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டத்துல மீட்டர்னு போட்டிருக்கு தலைவரே."

"அதனால?"

"உங்க ஏழு பேரையும் அளக்கணும்."

பதினான்கு கைகளும் மேசைக்கு அடியில் போயின.

6

முடிவு அ: தலைவர் முதலில் எழுந்து கைகளை விரிக்கிறார். (அவரை இருபது ஆண்டுகளாகத் தெரியும். இல்லை.)

முடிவு ஆ: கதவில்லாத கொட்டகைக்கு ஒப்புதல் அளிக்கிறார்கள். பனி உள்ளேயும் விழுகிறது, இறக்கை... (தஃபிங்கா இதைப் படிப்பாள். இல்லை.)

முடிவு இ: வாசகரே, இந்த இடத்தை உங்களுக்கு விட்டுவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் மெத்தோடி பையிலிருந்து நாடாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். ஏழு பேரும் சன்னலைப் பார்த்தார்கள். வெளியே லேசாகப் பனி தொடங்கியிருந்தது.

தஃபிங்கா என் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கிட்டே இருக்கீங்களே. ஒருத்தரை அளந்தா ஏழால பெருக்கிக்கலாம். பேனாவை வச்சுட்டு, எந்திரிச்சுக் கையை விரிப்பீங்களா?"