நேரில் வைக்காத பத்திரிகை

எங்கள் சீர்காழி அலுவலக மோடம் தன் மூத்த மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த நாளிலிருந்து தென்காசி அலுவலக மோடம் அதனோடு பேசுவதில்லை. ஃபேக்ஸ் போகவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பழுது பார்ப்பது என் வேலை.

வழக்கம்போல முதலில் டயல் டோன் பார்த்தேன். இருந்தது. ஒயரை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன். மணி அடிக்கும், அந்தப் பக்கம் எடுக்கும், எங்கள் மோடத்தின் கீச்சுக் குரல் கேட்டதும் வைத்துவிடும். இது ஒயர் கோளாறு இல்லை. மனத்தாங்கலில் ஃபோனை வைக்கும் விதம் எனக்குத் தெரியும். என் மச்சினனும் அப்படித்தான் வைப்பான்.

பூங்கோதை மேடம் எனக்குப் பின்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் தென்காசிக்கு மாறுதல் கேட்டு ஒரு விண்ணப்பம். அவருடைய ஒன்பது வயது மகள் தேன்மொழி அங்கே அப்பாவோடு இருக்கிறாள். மூன்று வருடமாகத் தாயும் மகளும் விடுமுறையில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். விண்ணப்பம் ஐந்து மணிக்குள் போகாவிட்டால் இனி அடுத்த வருடம்தான். பார்க்கவே பாவமாக இருந்தது.

"கல்யாணத்துக்குத் தென்காசிய எப்படி மேடம் கூப்பிட்டீங்க?"

"அவ்வளவு தூரம் யாரு போறது? பத்திரிகைய ஃபேக்ஸ்ல அனுப்பிட்டோம்."

படித்தவர்கள்தான் இப்படிச் செய்வார்கள். ஆளனுப்பி வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கிவரச் செய்து, தட்டில் அடுக்கி மோடத்தின் முன்னால் வைத்தேன். ஸ்பீக்கரைப் போட்டு டயல் செய்தேன். எடுத்ததும், எங்கள் மோடம் வாயைத் திறப்பதற்குள் நானே பேசினேன்.

"தப்பு எங்க மேலதாங்க. நேர்ல வந்து வச்சிருக்கணும்."

"கலியாணம் முடிஞ்சி ஆறு மாசம் ஆச்சே," என்றது தென்காசி மோடம். "பக்கத்து ஆபீஸ் டெலிபோனுக்கெல்லாம் நேர்ல போய் வச்சீகளாம்லா? எனக்கு மட்டும் ஃபேக்ஸா?"

"பொண்ணுக்கு அடுத்த மாசம் வளைகாப்பு. வர்ற ஞாயித்துக்கிழமை மேடமும் நானும் தட்டோட வந்து கூப்பிடுறோம்."

தென்காசி மோடம் ஒரு முறை செருமிக்கொண்டது. பிறகு இணைப்பு கிடைத்தது. கோபம் முழுசாகத் தீராததால் இருப்பதிலேயே குறைந்த 2400 வேகம்தான் கொடுத்தது. நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

ஐந்தேகாலுக்குப் பதில் வந்தது. முதல் பக்கத்தில் உத்தரவு. ஊழியருக்கு மாறுதல் இல்லை. தந்தையின் சம்மதத்தோடு மகளுக்கு மாறுதல் வழங்கப்படுகிறது. இரண்டாம் பக்கத்திலிருந்து பிரிண்டரில் தேன்மொழி வர ஆரம்பித்தாள். வகிடு, ரெட்டை ஜடை, தோளில் புத்தகப் பை. முழங்கால் வந்தபோது காகிதம் தீர்ந்துவிட்டது. புதுக் கட்டைப் பிரித்து வைத்தேன். மிச்சமும் வந்து சேர்ந்தாள்.

மேடம் அழுதுகொண்டே கைகளை நீட்டினார்.

"மை காயட்டும் மேடம்," என்றேன்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் மின்விசிறியை இரண்டில் வைத்தேன். மூன்றில் வைத்தால் பிள்ளை பறந்துவிடும்.