நல்ல நிலையில் உள்ளன

முன்னறையில் இருந்தவர்கள்: பெஞ்சின் மேல் அண்ணன், அவர் கால்மாட்டில் அண்ணி, ஜன்னலோரம் எதிர்வீட்டுத் தையல்காரரும் அவர் மனைவியும், நாற்காலியில் அண்ணன் வேலை பார்த்த அலுவலகத்தின் மேலாளர். அமரர் ஊர்திக்குப் போன் பேச வெளியே போயிருந்த தங்கை பேக்கரி உடுப்போடு மறுபடி உள்ளே நுழைந்தபோது மேலாளரின் உறையிலிருந்து ஒரு தாள் கிளம்பி அண்ணியின் கைக்குப் போயிருந்தது. பேனாவும் போயிருந்தது.

"என்ன அண்ணி அது?"

"ஏதோ கையெழுத்தாம்மா. சார் கேக்குறாரு."

தங்கை தாளை வாங்கிப் படித்தாள். ஆவண அறையின் கோப்புகள் அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன, அறையைப் பற்றி இறந்தவர் குறை எதுவும் தெரிவித்ததில்லை, குடும்பத்தார் இதை உறுதி செய்கிறோம். அவ்வளவுதான். நாலு வரி.

அந்த அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. மேல்மாடிக் கழிவறையின் குழாய் அதன் கூரை வழியாகப் போனது, ஒழுகிக்கொண்டே போனது. அண்ணன் பதினெட்டு வருடம் அதற்குள் உட்கார்ந்திருந்தார். பூஞ்சை முதலில் கோப்புகளின் முதுகுப் பசையைத் தின்றது. பிறகு தாள் ஓரங்களில் தேநீர் சிந்தியது போலப் புள்ளிகள். அப்புறம் பச்சையும் கறுப்புமாக ஒரு மெல்லிய ரோமம். கடைசியில் தாளோடு தாள் ஒட்டி, ஒருவரின் வீட்டுப் பத்திரமும் இன்னொருவரின் பிறப்புப் பதிவும் ஒரே செங்கல்லாகிவிடும். அண்ணன் அவற்றை மெல்லிய தகட்டால் பிரித்து, மின்விசிறி முன் உலர்த்தி, தூரிகையால் தட்டினார். தட்டியதெல்லாம் எங்கே போகும்? முகக்கவசம் கேட்டார். கைக்குட்டை கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அலுவலகத்தில் அவருக்குக் 'காளான்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். போன மாதம் மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வலது நுரையீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பூஞ்சைப் பந்து.

"குறை சொன்னதில்லையா? பதினோரு லெட்டர் எழுதினாரு. சாப்பிடும்போது எனக்குப் படிச்சுக் காட்டுவாரு."

"எங்க பார்வைக்கு வரலைம்மா. வந்திருந்தா பைல் ஆகியிருக்கும்."

"பைல் ஆனா எங்க வைப்பீங்க?"

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தையல்காரர்தான் பதில் சொன்னார்.

"வேற எங்க? கீழதான்."

அண்ணனே எண் போட்டு, அண்ணனே அடுக்கியிருப்பார். பதினொன்றும் இப்போது ஒரே கட்டி.

"நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார் மேலாளர். "கையெழுத்து இல்லைன்னா அத்தனை பைலும் கெட்டதுக்கு அவர்தான் பொறுப்புன்னு ஆயிடும்."

அண்ணி பேனாவைத் திறந்தாள். "போட்டுடறேன்மா. செத்தவரை ஏன் சந்திக்கு இழுக்கணும்?"

"போட்டா அவர் எதுல செத்தாரு அண்ணி? சும்மா செத்தாரா?" தங்கை மேலாளர் பக்கம் திரும்பினாள். "எங்க கடையில ஒரு பன்னுல பச்சைப் புள்ளி தெரிஞ்சா அந்தத் தட்டையே கொட்டிடுவோம். பன்னு எங்களுக்கு லெட்டர் எழுதாது சார்."

தையல்காரர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த ரூமுக்கு இனி யாரு?" அண்ணி கேட்டாள். மேலாளரை அவள் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

"ஒரு பொண்ணு. திங்கட்கிழமை சேருது. தற்காலிகம்தான்."

"மாஸ்க் குடுப்பீங்களா?"

"அதெல்லாம் கேட்டு எழுதணும்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அண்ணி தாளைத் தொடையில் வைத்து நாலு வரியையும் குறுக்கே அடித்தாள். அடியில் பெரிய எழுத்தில், 'இந்த அறைப் பூஞ்சையால் என் கணவர் இறந்தார். பதினோரு முறை சொன்னார்' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டாள். மெதுவாகத்தான் எழுதினாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இதுல எழுதக் கூடாதும்மா. இது செல்லாது."

"செல்லலைன்னா பரவாயில்லை. பைல் பண்ணுங்க." தாளைத் தங்கையிடம் நீட்டினாள். "போட்டோ எடுத்துக்கிட்டு குடு. ரெண்டு தடவை எடு."

தங்கை மூன்று தடவை எடுத்தாள். மேலாளர் தாளை மடிக்காமல் உறைக்குள் திணித்தார். பெஞ்சின் பக்கம் பார்க்காமலே எழுந்தார். வாசலில் ஒரு கால் செருப்பு திரும்பிக் கிடந்தது. அதைக் காலாலேயே புரட்டி மாட்டிக்கொண்டு இறங்கினார்.

வண்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது; அதற்குள் இன்னொரு தாள் வரலாம். தங்கை கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். சாவியையும் ஒரு சுற்றுத் திருப்பினாள்.