பிறக்காதவர்களின் பந்தி

1943 ஆடி மாதம், மொரப்பூர் முகாமில் இன்னும் பிறக்காத நானூறு சிப்பாய்கள் உட்கார்ந்து களி தின்றார்கள். ஆள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தட்டு காலியாகும், செம்மண்ணில் பூட்ஸ் தடம் விழும், அவ்வளவுதான். படையின் பயிற்சி, சமையல், கிடங்கு எல்லாவற்றையும் இருபது வருடம் கழித்து வரப்போகும் சண்டைக்கு ஏற்றபடி மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கொட்டகைகளை இடித்துக் கட்டினார்கள். அந்தச் சண்டைக்கு உரியவர்களும் வந்துவிட்டார்கள். சுற்றுவட்டாரக் கேழ்வரகெல்லாம் அவர்கள் தட்டுக்குப் போனது. பர்மாச் சேற்றில் மூட்டை சுமக்கிறவனுக்கோ போர்வைகூட இல்லை. காறித் துப்பலாம் போலிருக்கும்.

அங்கே களி கிண்டியவள் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்த நஞ்சம்மாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. லீவில் வந்துபோன புருஷன் மல்லையன் பர்மாவில் இருந்தான். அவன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தின்னும் முன் தட்டோரத்தில் களியை இரண்டு கிள்ளு வைப்பார்கள்: ஒன்று சாமிக்கு, மற்றது ஒகேனக்கல் ஆற்றோடு போன மல்லையனின் தம்பிக்கு. இரண்டாவது கிள்ளு வேறெந்த வீட்டிலும் கிடையாது. ஒருநாள் அவள் கழுவ எடுத்த தட்டில் அந்த இரண்டு கிள்ளும் இருந்தன. தட்டின் அடியில் வெட்டியிருந்த நம்பரைப் பார்த்துக்கொண்டாள்.

பேரேடு வைத்திருந்த சுபேதார் பெரியநாயகத்திடம் போனாள்.

"இன்னும் பொறக்கவே இல்லீங்க. அதுக்குள்ள எதுக்குங்க எம்புள்ள?"

"பொறந்தப்புறம் பழக்க நேரமிருக்காதும்மா. இருநூத்திப் பன்னண்டாம் நம்பரு. நல்லா சுடறான், சந்தோசப்படு."

"பேர அடிச்சுடுங்க சாமி."

"வெரலு மடங்கலீன்னாக்கூட அடிச்சுடுவோம். இவனுக்கு ஒரு கொறையும் இல்லியே."

மறுநாள் அந்தத் தட்டுக்கு எதிரே நின்றாள். ஓரத்தில் இரண்டாவது கிள்ளு விழுந்ததும், களி கிண்டும் துடுப்பை ஓங்கி அந்த இடத்தில் போட்டாள். "ஆத்தா!" என்று வெறும் காற்றில் ஓர் ஆண்பிள்ளைக் குரல் அலறியது. அவளை முதன்முதலில் அப்படிக் கூப்பிட்ட குரல் அதுதான். பானைக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாயங்காலம் பேரேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டை அடித்து, வலது ஆட்காட்டி விரல் மடங்காது என்று எழுதினார்கள்.

கார்த்திகையில் மகன் பிறந்தான். வலது ஆட்காட்டி விரல் குச்சியாய் நீட்டிக்கொண்டிருந்தது. பிரசவம் பார்த்த கருப்பி எண்ணெய் தடவி மடக்கப் பார்த்தாள்.

"வுடுக்கா," என்றாள் நஞ்சம்மாள். "களி உருட்ட மத்த வெரலு போதும்."

தை பிறந்ததும், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மறுபடி முகாமுக்கே வேலைக்குப் போனாள். அடுத்த வேளைக்கு வேறு வழி இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் களி கிண்டினாள். யார் யார் வயிற்றுப் பிள்ளைகளோ, அவர்களுக்கும் பசிக்கும்.