குறைந்தால் நல்லது

எங்கள் மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் என்னை 'அரை டாக்டர்' என்பார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கவுன்ட்டரில் நிற்கிறேன். சர்க்கரை, கொழுப்பு, யூரிக் ஆசிட் என்று எந்த ரிப்போர்ட்டை நீட்டினாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போன தடவைக்குக் குறைஞ்சிருக்கு, நல்லது, போங்க" என்பேன். ரத்தம் குறைந்தவர்களுக்கு மட்டும் முகத்தைச் சுளிப்பேன். மற்றபடி குறைந்தால் நல்லது. அதற்கு மேல் படிப்பு எனக்கு எதற்கு என்று ஒரு திமிர். அந்தத் திமிரில்தான் இவ்வளவும் நடந்தது.

என் தம்பிக்கு நான் சிறுநீரகம் கொடுத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. கொடுக்கும்வரை அந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதையே வேறு. கொடுத்து முடித்ததும் தம்பி பெண்டாட்டி கதவைச் சாத்திவிட்டாள். அவளைக் குறை சொல்லக் கூடாது, இப்போதாவது சொல்லக் கூடாது. ஆனால் அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது.

"அண்ணி, நீங்க நாள் பூரா இருமுறவங்க நடுவுல நிக்கிறீங்க. கோவிச்சுக்காதீங்க. ஜன்னல் பக்கம் நின்னு பேசிட்டுப் போங்களேன்" என்றாள். புருஷனின் அக்காவான என்னை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

என் உறுப்பு அவன் வயிற்றுக்குள் இருக்கிறது. நான் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டுமாம். கோபத்தில் நான்கு வாரம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அப்புறம் போனாலும் ஜன்னலோடு சரி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம்பிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியன் என்று நினைத்துத் தாக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் காலையும் மாலையும் போடுகிறான் அல்லவா, அந்தச் சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து சொல்லும் பரிசோதனை அது. முதல் தடவை டாக்டர் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். "நம்பர் ரொம்ப ஏறினா உடம்பு கிட்னியைத் தாக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்" என்றார். அந்த ஒன்றே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் அவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. என் சிறுநீரகத்தைப் பற்றிய பாதியைக் கேட்டேன்; தம்பியைப் பற்றிய பாதியைக் கோட்டை விட்டேன்.

ஆபரேஷன் சமயத்தில் கொடுத்திருந்த என் நம்பருக்குத்தான் ரிசல்ட் வரும். வந்ததும் தம்பிக்கு அனுப்பிவைப்பேன். அந்த வியாழக்கிழமை மதியம் கடையில் இருக்கும்போது வந்தது. போன தடவை நானூற்றுப் பத்து. இந்தத் தடவை நூற்று இருபது. கீழே பொடி எழுத்தில் மூன்று வரி இருந்தது. பொடி எழுத்தை நான் எந்த ரிப்போர்ட்டில் படித்தேன், இதில் படிக்க?

உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"நம்பர் பாதிக்கும் கீழ எறங்கிடுச்சுடா. இனி பயமே இல்ல."

"டாக்டர் பாத்தாராக்கா? எனக்குத் திங்கக்கிழமைதானே வரச் சொல்லியிருக்காங்க?"

ஒரு நொடி யோசித்தேன். ஒரு நொடிதான்.

"கேட்டுட்டேன்டா. நல்லா இருக்குன்னுட்டாங்க."

பொய். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்குத் தெரியாததா?

"அப்ப வாக்கா. அவ ஆபீஸ்ல இருந்து வர ஆறு மணி ஆகும். உன்னைப் பக்கத்துல பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றான்.

லீவு சொல்லிவிட்டு ஓடினேன். மாஸ்க்கை வாசலிலேயே கழற்றிப் பையில் போட்டேன். சோபாவில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து மூன்று மணி நேரம் கதையடித்தோம். காலையிலிருந்து தொண்டையில் லேசாக முள் குத்துவதுபோல இருந்தது. நாளெல்லாம் கத்துகிற தொண்டை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஐந்தரைக்குக் கிளம்பினேன். "நான் வந்தேன்னு அவகிட்ட ஊதிடாத" என்றேன். சிரித்தான்.

மறுநாள் எனக்கு நல்ல காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு. திங்கட்கிழமை அவன் டாக்டரைப் பார்த்தது ஆம்புலன்ஸில் போய்த்தான்.

நுரையீரல் இரண்டிலும் சளி அடைத்துவிட்டது. உயிரைப் பிடித்துவைக்க வேண்டுமானால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை நிறுத்தியே ஆக வேண்டும் என்றார்கள். நிறுத்தினார்கள். உடம்பு விழித்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் ஆள் பிழைத்தான், சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று பழையபடி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வார்டுக்கு மாற்றிய அன்று டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். தம்பி பெண்டாட்டி கட்டிலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"நம்பர் இவ்வளவு குறைஞ்சா கிருமியை எதிர்க்க உடம்புல தெம்பே இல்லைன்னு அர்த்தம். அன்னைக்கே போன் பண்ணுங்கன்னு கீழ எழுதியிருக்கே. பண்ணியிருந்தா மாத்திரையைக் குறைச்சிருப்போம். யாரும் படிக்கலையா?"

நான் தம்பியின் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தேன்.

"நான்தான் டாக்டர்" என்றான் தம்பி. "அக்கா அனுப்பிச்சாங்க. குறைஞ்சிருக்கேன்னு நானே நல்லதுன்னு நெனச்சிட்டேன்."

"வீட்டுக்குச் சளியோட யாராவது வந்தாங்களா?"

"ஒரு ஈ காக்காவைக்கூட விடல டாக்டர்" என்றாள் அவள்.

"யாரும் வரல. நான்தான் இவளுக்குத் தெரியாம மார்க்கெட் போயிட்டு வந்தேன்" என்றான் தம்பி. என்னைப் பார்க்காமல் சொன்னான்.

டாக்டர் போனதும் அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு மாதம் அடக்கிவைத்தது எல்லாம் வாய் வழியாக வந்தது. "சோப்புப் போட்டுப் போட்டு என் கை புண்ணாப் போச்சு. எங்கம்மாவைக்கூட உள்ள விடல. உங்களுக்கு மார்க்கெட் கேக்குதா? மனுஷனா நீங்க?" அடுத்த கட்டிலில் இருந்தவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். திறந்து தண்ணீர்தான் குடித்தேன்.

அழுது ஓய்ந்தபின் அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, உங்க உடம்பை அறுத்துக் குடுத்தீங்க. இவரு வச்சுக் காப்பாத்தத் தெரியாமத் தொலைச்சிட்டாரு. ஜன்னல்லயே நிக்க வச்சதுக்குக்கூட நீங்க ஒரு வார்த்தை மீறல. உங்களுக்கு இருந்த பொறுப்பு இவருக்கு இல்லையே. மனசுல வச்சுக்காதீங்க அண்ணி. இவரை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அதைக் கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

தம்பி என்னைப் பார்த்தான். அந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

"மன்னிச்சிட்டேன்டா" என்றேன்.