வாலண்டைன் தடவிய மருந்து

சொல்கிறேன், கேளுங்கள். மலேசியாவில் கோத்தா திங்கியில் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிற டொரத்திக்கு ஒன்றரை வருஷமாகக் காலில் அரிப்பு. அவள் கணவர் வாலண்டைனுக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் காலையும் மாலையும் அவள் காலுக்குக் கிரீம் தடவுவார். "வேற என்னத்துக்கு இந்தக் கை?" என்பார். சிவப்பு கூடக் கூட, இன்னும் அழுத்தித் தடவினார்.

ஜொகூர் பாருவில் போய்ப் பார்த்த தோல் டாக்டருக்கு அந்தக் கிரீம் மேலேயே சந்தேகம். அரிப்பை அடக்குகிற ஸ்டீராய்டு மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். எது ஆகவில்லை என்று பார்க்க, டொரத்தியின் முதுகில் சின்னச் சின்னக் கட்டங்களாக மருந்துகளை ஒட்டி, நனைக்கக் கூடாது என்று அனுப்பினார். இரண்டாம் நாள் பிரித்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. நான்காம் நாளும் இல்லை.

"ஏழாம் நாள் இன்னொரு தடவ வாங்க ஆண்டி," என்றாள் தாதி பிரேமலா. "இந்த மருந்து வீக்கத்த அதுவே அமுக்கிடும். லேட்டாத்தான் காட்டும்."

"அலமாக், மறுபடியும் பஸ்ஸா? முதுகுல தண்ணி பட்டு நாலு நாளாச்சும்மா. என் நாத்தத்துல டிரைவரே எறங்கி ஓடிருவாரு."

ஆனாலும் போனாள். ஒரு கட்டம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. வாலண்டைன் தடவிய அதே மருந்து. டாக்டர் வேறு வகை எழுதித் தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவரிடம் எப்படிச் சொல்வது? மருந்தை மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லலாம். ஆனால் அலமாரியில் பழைய கிரீம் இன்னும் இரண்டு டியூப் இருக்கிறது. அது தீராமல் மனுஷன் புதுசைத் தொட மாட்டார்.

வீட்டில் அவர் பழைய கிரீமோடு காத்திருந்தார்.

"வச்சிருங்க. அதான் எனக்கு ஆகலையாம்."

"அப்போ நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சு..."

"மருந்துதாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் கையை மடியில் போட்டுக்கொண்டார். உட்கார்ந்து தேற்ற டொரத்திக்குத் தெம்பில்லை, கண்ணுங்களா. புது டியூபை அவர் மடியில் வைத்துவிட்டுக் காலை நீட்டினாள்.

"லேசா போடுங்க. எனக்குக் குனிய முடியல."

"இதுவும் ஆகாட்டி?"

"அன்னிக்கே சொல்லிடுறேன் லா. போடுங்க, பசிக்குது."

ஒற்றை விரலால், தொட்டும் தொடாமலும் போட்டார்.